சீக்கிரம் கண்டுபிடித்தால் போதுமா? புற்றுநோய் ஸ்கிரீனிங்கும் திண்டுக்கல் கிராமங்களும்

போன மாதம் சித்தி ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பரிசோதனைக் கூடம் ஒன்றின் விளம்பரம். "பெண்களுக்கான முழு உடல் பரிசோதனை" என்று தலைப்பு, அதன் கீழே அறுபதுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளின் பட்டியல். நடுவில் "கேன்சர் மார்க்கர்" என்ற வரி மட்டும் சிவப்பு எழுத்தில். சித்தி அதைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்.

"இதை எடுத்துட்டா கேன்சர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்ல? சீக்கிரம் கண்டுபிடிச்சா பொழச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்களே."

சித்திக்கு வயது 44. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் "சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம்" என்ற வாக்கியம் சில புற்றுநோய்களுக்கு முழு உண்மை, சிலவற்றுக்குப் பாதி உண்மை, சிலவற்றில் ஆளைத் தேவையில்லாமல் அறுவை சிகிச்சை மேசைவரை கொண்டுபோய்விடும். எது எந்த வகை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவ ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக அவர்கள் செய்த மிக முக்கியமான சோதனைகளில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில், நம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் நடந்தது. அங்கே போவதற்கு முன் ஒன்றிரண்டு அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

சல்லடையும் முறமும்

மாவு சலிக்கும்போது என்ன செய்கிறோம்? மொத்த மாவையும் சல்லடையில் கொட்டி ஆட்டுகிறோம். பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். மேலே தங்குவதில் கல்லும் இருக்கலாம், வெறும் மாவுக்கட்டியும் இருக்கலாம். அதை முறத்தில் போட்டு, வெளிச்சத்தில் வைத்து, விரலால் தள்ளிப் பார்த்துத்தான் எது கல் என்று சொல்ல முடியும்.

ஸ்கிரீனிங் என்பது இந்தச் சல்லடை. எந்த அறிகுறியும் இல்லாமல் நலமாக இருப்பவர்களிடம் நோயின் தடம் இருக்கிறதா என்று தேடுவதுதான் ஸ்கிரீனிங். நோயறிதல் என்பது முறம். சந்தேகப்பட்ட இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அதாவது பயாப்சி, நோயறிதலைச் சேர்ந்தது.

இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஸ்கிரீனிங்கில் "பாசிட்டிவ்" என்று வந்ததும் கேன்சரே வந்துவிட்டது என்று குடும்பமே இடிந்துபோகிறது. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் இல்லை. இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக்கசிவு, மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண் என்று ஏதோ ஓர் அறிகுறி இருக்கும்போது, "போன வருஷம்தான் ஸ்கிரீனிங் எடுத்தேன், ஒன்றும் இல்லை" என்று சும்மா இருந்துவிடுவது. அறிகுறி இருப்பவருக்குச் சல்லடை வேலை முடிந்துவிட்டது. அவர் நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

வைகை எக்ஸ்பிரஸில் இருவர்

மதுரையில் காலையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள் இருவர். ஏறியதுமே இருவரும் தூங்கிவிட்டார்கள். ஒருவரை திண்டுக்கல்லில் டீக்காரர் எழுப்பிவிடுகிறார். இன்னொருவர் விழுப்புரத்தில்தான் கண் விழிக்கிறார். வண்டி மதியம் எழும்பூர் போய்ச் சேர்கிறது. விழித்த பிறகு எவ்வளவு நேரம் பயணம் செய்தீர்கள் என்று கேட்டால், முதலாமவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் என்பார். இரண்டாமவர் மூன்று மணி நேரம்கூட இல்லை என்பார். வண்டியோ ஒன்றுதான், போய்ச் சேர்ந்த நேரமும் ஒன்றுதான்.

"எங்கள் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் இத்தனை சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்கிறார்கள்" என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது எனக்கு இந்த இருவரும்தான் நினைவுக்கு வருவார்கள். நோயைக் கண்டுபிடித்த நாளை முன்னால் தள்ளினாலே, இறக்கும் நாள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாவிட்டாலும், கண்டுபிடித்த பிறகு வாழ்ந்த காலம் நீளமாகத் தெரியும். ஆய்வாளர்கள் இதை முன்னறிவுக் கால மயக்கம் என்கிறார்கள்.

அப்புறம், இன்னொரு மயக்கமும் உண்டு. கிராமத்துச் சாலையை நினைத்த நேரத்தில் ஒரு போட்டோ எடுங்கள். மெதுவாகப் போகும் மாட்டுவண்டி படத்தில் விழ வாய்ப்பு அதிகம். சீறிப் போகும் பைக் விழ வாய்ப்பு குறைவு. ஆண்டுக்கொரு முறை எடுக்கும் ஸ்கிரீனிங்கும் இந்த போட்டோ மாதிரிதான். மெதுவாக வளரும் சாதுவான கட்டிகள் அதிகம் சிக்கும். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் முளைத்து, வளர்ந்து, பரவிவிடும் மூர்க்கமான கட்டி நழுவிவிடும்.

மாட்டுவண்டிகளிலும் சில, சாலையோரம் நின்றே விடும். உடம்பில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தராத புற்றுநோய்கள் உண்டு. அவற்றைத் தேடிப் பிடித்து, நோயாளி என்று பெயர் சூட்டுவதற்கு மிகைக் கண்டறிதல் என்று பெயர்.

தென் கொரியாவில் இது ஒரு தேசத்துக்கே நடந்தது. 1999-இல் அரசு தேசிய அளவில் புற்றுநோய் ஸ்கிரீனிங் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் காசுக்குக் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக் கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் 1993-ஐப்போல 15 மடங்காகப் பெருகியிருந்தது. ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல். தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் மட்டும் அசையவே இல்லை. அத்தனை பேரில் பெரும்பாலோர் சுரப்பியை அகற்றிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுபவர்களாக ஆனார்கள். சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது. 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலரே சேர்ந்து இதை வெளிப்படையாக எதிர்த்த பிறகுதான் அறுவை சிகிச்சைகள் மளமளவென்று குறைந்தன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எத்தனை பேருக்குக் கண்டுபிடித்தோம், கண்டுபிடித்த பிறகு எத்தனை வருடம் வாழ்ந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் வைத்து ஒரு ஸ்கிரீனிங் நல்லதா என்று சொல்லவே முடியாது. நம்ப வேண்டிய எண் ஒன்றுதான். ஸ்கிரீனிங் நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட அந்த நோயால் இறந்தவர்கள் குறைந்தார்களா?

கருப்பைவாய் ஏன் வேறு மாதிரி?

எல்லாப் புற்றுநோயும் ஸ்கிரீனிங்குக்கு ஒத்துவராது. ஒத்துவர, நோய் மெதுவாக முற்ற வேண்டும். நடுவில் கண்ணில் படுகிற, கையாளக்கூடிய ஒரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் எளிய சிகிச்சையும் இருக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன.

இதற்கு அடிப்படைக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். 1980-களில் ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹாஸன் இந்தத் தொடர்பை நிறுவினார். 2008-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். உடலுறவு வழியாகப் பரவும் இந்த வைரஸ் ஆண், பெண் என்று பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையாவது தொற்றுகிறது. பெரும்பாலானவர்களின் உடம்பு ஓரிரு வருடத்தில் அதைத் துரத்திவிடும். ஆகவே எச்.பி.வி. இருக்கிறது என்பதை யாருடைய நடத்தைக்கும் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. பரிசோதனைக்கே போகாமல் பெண்களைத் தடுப்பதில் இந்தக் கூச்சத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சிலரிடம் மட்டும் ஆபத்தான வகை வைரஸ் தங்கிவிடுகிறது. கருப்பைவாயின் மேல்தோல் செல்கள் மெல்ல மாறத் தொடங்குகின்றன. இந்த மாறிய பகுதிக்குப் புற்றுநோய் முன்நிலை என்று பெயர். முன்நிலை புற்றுநோய் ஆவதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருடங்கள் பிடிக்கும். எல்லா முன்நிலையும் புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

அந்தப் பத்துப் பதினைந்து வருடம்தான் நமக்குக் கிடைத்த வாசல். அதற்குள் முன்நிலைப் பகுதியைக் கண்டு நீக்கிவிட்டால் பெரும்பாலும் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம். கொரியாவில் ஸ்கேன் எடுத்ததால் நோயாளிகள் பெருகினார்கள். இங்கே பரிசோதனை செய்வதால் நோயாளிகள் குறைய வேண்டும்.

பணக்கார நாடுகள் பாப் ஸ்மியர் என்ற பரிசோதனையால் இதைச் சாதித்தன. கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதற்கு ஆய்வகம் வேண்டும், பயிற்சி பெற்ற கண்கள் வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். முடிவு வர நாளாகும். களையெடுக்கும் வேலையை விட்டுவிட்டு ஒருநாள் வந்த பெண்ணை, "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினால் திரும்ப வருவாரா?

ஒரு நிமிடம், ஒரு வெள்ளைத் திட்டு

திருவனந்தபுரம் மண்டல புற்றுநோய் மையத்தில் பணியாற்றி, பிறகு பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையில் ஸ்கிரீனிங் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் மருத்துவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: பெரிய ஆய்வகம் இல்லாத ஊரில், ஒரு நர்ஸும் ஒரு விளக்கும் இருந்தால் எத்தனை உயிரைக் காப்பாற்ற முடியும்? கேரளத்தில் வாய்ப் புற்றுநோய்க்கு வாயைத் திறக்கச் சொல்லி விளக்கொளியில் பார்ப்பதையே பரிசோதனையாக வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது.

கருப்பைவாய்க்குச் சங்கரநாராயணன் குழுவினர் எடுத்துக்கொண்ட முறை வி.ஐ.ஏ. எனப்படுகிறது. சொல்லப்போனால் வினிகர் பரிசோதனை. நர்ஸ் ஒரு கருவியால் பிறப்புறுப்பை விரித்துக் கருப்பைவாய் தெரியும்படி செய்கிறார். பஞ்சில் நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை நனைத்து அங்கே தடவுகிறார். வினிகரில் உள்ள அதே அமிலம், கிட்டத்தட்ட அதே அடர்த்தி. ஒரு நிமிடம் காத்திருக்கிறார். அப்புறம் பளிச்சென்ற விளக்கில் பார்க்கிறார்.

முன்நிலை செல்களில் புரதம் நெருக்கமாக அடைந்திருக்கும். அமிலம் பட்டதும் புரதம் உறையும், எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல. அந்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாக எழும்பித் தெரியும். சாதாரணத் தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். முடிவு அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. திட்டு சிறியதாக இருந்தால், அதே வருகையிலேயே கடுங்குளிர் முனையை வைத்து அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். இதற்கு கிரையோதெரபி என்று பெயர். பெரிய மாற்றமாக இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உயிரைக் காக்கிறதா என்று எப்படி நிரூபிப்பது?

திண்டுக்கல்லில் 114 ஊர்த்தொகுப்புகள்

ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், லியோன் முகமை மூன்றும் சேர்ந்து 2000-இல் வேலையைத் தொடங்கின. திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊர்த்தொகுப்புகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கல்போல இரண்டாகப் பிரித்தார்கள். 57-இல் நர்ஸுகள் ஒருமுறை வி.ஐ.ஏ. செய்வார்கள். மற்ற 57-இல் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும். இரண்டாவது பிரிவுக்கு ஒப்பீட்டுப் பிரிவு என்று பெயர்.

ஏன் குலுக்கல்? விருப்பமுள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் படித்தவர்கள், பஸ் வசதி உள்ளவர்கள், உடம்பைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் முதலில் வருவார்கள். அவர்கள் எப்படியும் கொஞ்சம் நலமாகத்தான் இருப்பார்கள். அந்த நலத்தைப் பரிசோதனையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பரிசோதனைப் பிரிவில் 30 முதல் 59 வயதுவரை 49,311 பெண்கள். அவர்களில் வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர். கிட்டத்தட்ட 18,000 பேர் வரவில்லை. இங்கேதான் ஆய்வின் நேர்மை தெரிகிறது. வராதவர்களையும் பரிசோதனைப் பிரிவிலேயே வைத்து எண்ணினார்கள். அவர்களில் ஒருவர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தால் அதுவும் இந்தப் பக்கக் கணக்கில்தான் ஏறும். நிஜ வாழ்க்கையில் எந்தத் திட்டத்துக்கும் எல்லோரும் வரப்போவதில்லை. அப்படி இருந்தும் பலன் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

வந்தவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்துக்கு ஒருவருக்கு, வெள்ளைத் திட்டு தெரிந்தது. முறத்தில் போட்டுப் பார்த்தபின் முன்நிலை மாற்றம் என்று தேறியது 1,874 பேருக்கு. மற்றவர்களில் பெரும்பாலோர் வெறும் மாவுக்கட்டி, வீண் கவலை. முன்நிலை இருந்தவர்களிலும் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள்.

83-ம் 92-ம்

2006 வரை எண்ணினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயால் பரிசோதனைப் பிரிவில் இறந்தவர்கள் 83 பேர். ஒப்பீட்டுப் பிரிவில் 92 பேர். "இவ்வளவுதானா, ஒன்பது பேர் வித்தியாசத்துக்கா இத்தனை பாடு?" என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது.

ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆட்கள் இல்லை. பரிசோதனைப் பிரிவு பெரியது. அதனால் ஆள்-ஆண்டு என்ற அளவையால் வகுக்க வேண்டும். ஒரு பெண்ணை ஓர் ஆண்டு கண்காணித்தால் ஓர் ஆள்-ஆண்டு. பத்து ஆட்கள் இரண்டு நாள் வேலை செய்தால் இருபது ஆள்கூலி என்று கணக்குப் போடுகிறோமே, அதே கணக்குதான். பரிசோதனைப் பிரிவில் 2,74,430 ஆள்-ஆண்டுகள், ஒப்பீட்டுப் பிரிவில் 1,78,781. வகுத்துப் பார்த்தால், லட்சம் ஆள்-ஆண்டுக்கு ஒரு பக்கம் சுமார் 30 இறப்பு, மறுபக்கம் சுமார் 51. வயது போன்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு வந்த முடிவு: இறப்பு 35 சதவீதம் குறைவு. நோய் வருவதே 25 சதவீதம் குறைவு. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வினிகர் தடவிப் பார்த்ததன் பலன் இது. 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

ஒப்பீட்டுப் பிரிவுப் பெண்களுக்குப் பரிசோதனை கொடுக்காமல் விட்டது சரியா என்ற கேள்வி இந்தியாவில் நடந்த இந்த வகை ஆய்வுகள் எல்லாவற்றின்மீதும் எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். அன்றைக்கு அந்த ஊர்களில் யாருக்குமே ஸ்கிரீனிங் கிடைக்கவில்லை என்பதும், இந்த முறை வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது என்பதும் ஒரு பக்கம். பாப் ஸ்மியர் வேலை செய்வது ஏற்கெனவே தெரியுமே என்பது மறுபக்கம். என் மனம் இன்றுவரை இதில் முழுதாக ஒரு பக்கம் சாயவில்லை. ஆனால் அந்த 92 பேரின் கணக்கு இல்லாமல் 35 சதவீதம் என்ற எண் இல்லை. அந்த எண் கைக்கு வந்த பிறகும் சும்மா இருப்பதற்கு நமக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

மராட்டியத்தில் வந்த அடுத்த பாடம்

திண்டுக்கல்லோடு கதை முடிந்துவிடவில்லை. இப்போது தாராசிவ் என்று பெயர் மாறியிருக்கும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், 1,31,746 பெண்களை நான்கு பிரிவாக வைத்து, எச்.பி.வி. பரிசோதனை, பாப் ஸ்மியர், வி.ஐ.ஏ., எதுவும் இல்லாத பிரிவு என்று ஒப்பிட்டார்கள். சங்கரநாராயணனும் மும்பையின் டாட்டா நினைவு புற்றுநோய் மையத்தினரும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்ததில் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வி.ஐ.ஏ. அங்கே தெளிவான பலன் காட்டவில்லை.

அப்படியானால் திண்டுக்கல் முடிவு தவறா? இல்லை. 2014-இல் வெளியான மும்பை ஆய்விலும் வி.ஐ.ஏ. இறப்பை 31 சதவீதம் குறைத்தது. வினிகர் பரிசோதனை பார்க்கும் கண்களைப் பொறுத்தது. நர்ஸின் பயிற்சி, மேற்பார்வை, உடனடிச் சிகிச்சை எல்லாம் சேர்ந்தால்தான் பலன் வரும். எச்.பி.வி. பரிசோதனை அப்படி ஒருவர் கண்ணை நம்பி இல்லை. பெண்ணே பஞ்சுக்குச்சியால் தானே மாதிரி எடுத்துக்கொள்ளவும் முடியும். வசதி இருக்கும் இடத்தில் எச்.பி.வி. பரிசோதனையையே முதலில் எடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. 35 வயதுக்குள் ஒருமுறை, 45-க்குள் இன்னொருமுறை என்று 70 சதவீதப் பெண்களுக்காவது பரிசோதனை நடக்க வேண்டும் என்பது அவர்கள் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு.

நாம் எங்கே இருக்கிறோம்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10. நாட்டிலேயே நாம் முன்னால் நிற்கிறோம், அதுவும் பத்தில் ஒருவர் என்ற கணக்கில்.

சித்தியின் சிவப்பு வட்டம்

சரி, சித்தி வட்டமிட்ட வரிக்கு வருவோம். அது சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. சூலகம், அதாவது சினைப்பையில் வரும் புற்றுநோயில் சிஏ-125 என்ற புரதம் ரத்தத்தில் கூடும். கருப்பைக் கட்டி இருந்தாலும் கூடும், மாதவிடாய் நாட்களிலும் கூடும். சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இது பயனுள்ள அளவுகோல். நலமாக இருப்பவருக்கு? பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வந்தது. ஆண்டுதோறும் இந்தப் பரிசோதனை செய்தவர்களிடம் நோய் சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு குறையவில்லை. திண்டுக்கல்லில் விழித்தாலும் விழுப்புரத்தில் விழித்தாலும் வண்டி எழும்பூருக்கு ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் சித்தியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "அந்த சிவப்பு வரி வேண்டாம் சித்தி. அதுக்குப் பதிலா அரசு ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை வாய் பரிசோதனை இலவசமா பண்றாங்க, அதைப் பண்ணிக்கோங்க. அப்படியே மார்பையும் பார்ப்பாங்க" என்றேன். சித்தி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குமா?"

"கருவி வைக்கும்போது ஒரு மாதிரி இருக்கும். மருந்து தடவினா லேசா எரியும். ஒரு நிமிஷம்தான்."

"லேடி டாக்டர்தானே?"

"நர்ஸ்தான் பார்ப்பாங்க."

அதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்வந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. ஐந்து வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்களாம். சமையலறைக் கதவுக்குப் பின்னால், சிலிண்டர் மாற்றிய தேதிகளை எழுதும் இடத்தில், அந்த வருடத்தையும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்.